கடல் கடக்கும் மாத்திரைகள்: வாசகர் கேள்வி–பதில்

பிள்ளைகளில் ஒருவராவது சிங்கப்பூரிலோ துபாயிலோ அமெரிக்காவிலோ இல்லாத வீடு செட்டிநாட்டில் குறைவு. போகும் பெட்டியிலும் வரும் பெட்டியிலும் மாத்திரைகள் இருக்கத்தான் செய்கின்றன. தூக்க மாத்திரை, கடும் வலிக்கான மாத்திரை, நரம்பு மாத்திரை போன்ற கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மருந்துகளை எல்லை தாண்டிக் கொண்டுபோவது, அனுப்புவது, வரவழைப்பது பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: மகளின் பிரசவத்துக்காக ஐந்து மாதம் சிங்கப்பூரில் தங்கும்படி இருக்கிறது. நான் இரவில் தூக்கத்துக்கு அல்பிரசோலம் 0.25 ஒன்று போடுகிறேன். வீட்டில் அவருக்கு முழங்கால் வலி. டிரமடால் கலந்த மாத்திரை காலையும் இரவும் சாப்பிடுகிறார். டாக்டர் சீட்டு இருக்கிறது. ஐந்து மாதத்துக்கும் சேர்த்து இங்கேயே வாங்கிக்கொண்டு போகலாமா?
– ஒரு ஆச்சி, காரைக்குடி

பதில்: முடியாது ஆச்சி. சிங்கப்பூருக்கு இந்த மருந்துகளை மூன்று மாதத் தேவைக்கு மேல் கொண்டுபோக விடமாட்டார்கள். அந்த மூன்று மாதத்துக்கும் கிளம்புவதற்கு முன்பே அனுமதி வாங்கியிருக்க வேண்டும். நம் ஊர் டாக்டரின் சீட்டு அனுமதி கேட்பதற்கு ஆதாரம்தானே தவிர, அதுவே அனுமதி ஆகிவிடாது. ‘சீட்டு இருக்கிறதே’ என்ற தைரியத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

அனுமதி தருவது சிங்கப்பூர் சுகாதார அறிவியல் ஆணையம், எச்.எஸ்.ஏ. என்பார்கள். விண்ணப்பம் இணையத்தில்தான். பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பாவது அனுப்ப வேண்டும். ஒரு மாதம் முன்பே அனுப்பிவிடுங்கள் என்போம். ஏதாவது விளக்கம் கேட்டுத் திருப்பினால் டாக்டரைப் பார்த்து மறுபடி எழுதி வாங்க நாள் வேண்டாமா? நீங்கள் இருவர், ஆகவே விண்ணப்பமும் இரண்டு. ஒருவர் பெயரில் மற்றவர் மாத்திரையைச் சேர்க்கக் கூடாது.

பழைய சீட்டை அப்படியே படமெடுத்து அனுப்பாதீர்கள். டாக்டரிடம் அவருடைய லெட்டர்ஹெட்டில், ஆங்கிலத்தில், தட்டச்சு செய்த கடிதம் ஒன்று வாங்குங்கள். உங்களுக்கு என்ன நோய், மூல மருந்தின் பெயர், மாத்திரை எத்தனை மில்லிகிராம், நாளுக்கு எத்தனை, எத்தனை நாளைக்கு, மொத்தம் எத்தனை என்று அதில் இருக்க வேண்டும். கீழே கையெழுத்து, முத்திரை, டாக்டரின் மருத்துவக் கவுன்சில் பதிவு எண். ‘தேவைப்படும்போது ஒன்று’ என்று எழுதிய சீட்டுதான் அதிகம் திரும்பி வருவது. அதை வைத்து மொத்த எண்ணிக்கையைக் கணக்கிட முடியாதே. ‘இரவு ஒன்று, 90 நாள், மொத்தம் 90’ என்று இருந்தால் கேள்வி எழாது.

பெயர் விஷயத்தில் நம் பக்கத்தில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. மருத்துவமனைச் சீட்டில் இரண்டு மூன்று இனிஷியலோடு ஒரு பெயர். பாஸ்போர்ட்டில் அதே இனிஷியல்கள் விரிந்து நீண்ட பெயர். படிப்பவருக்கு அவை இரண்டு ஆட்கள். கடிதத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் வரட்டும்.

இங்கிருந்து கிளம்பும்வரை நம் நாட்டுச் சட்டமும் உங்களுக்குப் பொருந்தும். அல்பிரசோலம் மனமயக்கப் பொருள்கள் பட்டியலில் ஏற்கெனவே இருக்கிறது. டிரமடாலை 2018இல் சேர்த்தார்கள். இவற்றைத் தனிநபர் தன் சிகிச்சைக்காக ஒரு நேரத்தில் 100 மாத்திரை வரை வைத்திருக்கலாம். நீண்டகாலச் சிகிச்சைக்கு என்று டாக்டர் குறிப்பிட்டு எழுதியிருந்தால் 300 வரை. உங்கள் 90 முதல் வரம்புக்குள் அடங்கும். வீட்டில் அவருக்கு நாளுக்கு இரண்டு வீதம் 180 ஆகிறது. ஆகவே அவர் கடிதத்தில் ‘நீண்டகாலச் சிகிச்சை’ என்ற சொல் கட்டாயம் வேண்டும்.

மாத்திரை அட்டையை வெட்டி வாங்காதீர்கள். பாதி அட்டையில் பெயர் ஒரு துண்டிலும் காலாவதித் தேதி இன்னொரு துண்டிலும் போய்விடும். நாள்வாரியாகப் பிரித்துப் போடும் பிளாஸ்டிக் டப்பா அங்கே போய்ப் பயன்படட்டும். பயணத்தில் முழு அட்டை, மருந்துக்கடை ரசீது, டாக்டர் கடிதம், எச்.எஸ்.ஏ. அனுமதியின் அச்சு நகல் எல்லாம் ஒரே பையில், கைப்பெட்டியில் இருக்கட்டும். இறங்கியதும், சுங்கத்தில் அறிவிக்க வேண்டிய பொருள் உள்ளவர்கள் போகும் சிவப்பு வழியில் போய் நீங்களாகவே காட்டுங்கள். பச்சை வழியில் நடந்த பிறகு பிடிபட்டால், அறிவிக்காமல் கொண்டுவந்ததாகவே எழுதுவார்கள்.

மிச்ச இரண்டு மாதத்துக்கு அங்கேயே ஒரு டாக்டரைப் பார்த்து எழுதி வாங்க வேண்டும். யாரிடமாவது கொடுத்தனுப்பச் சொல்லாதீர்கள். அல்பிரசோலத்தைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. பல மாதம் எடுத்தவருக்கு வலிப்பு வரை போகலாம். பயணத் திட்டத்தை உங்கள் டாக்டரிடம் இப்போதே சொல்லி, அளவைப் படிப்படியாகக் குறைக்க முடியுமா என்றும் கேளுங்கள்.

கேள்வி: நான் சாப்பிடும் மாத்திரை கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று படிக்காதவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், கோட்டையூர்

பதில்: அட்டையின் பின்பக்கத்தையும் அதன் டப்பாவையும் பாருங்கள். டாக்டர் சீட்டு வேண்டிய மருந்துக்கெல்லாம் ‘ஆர்.எக்ஸ்’ குறி இருக்கும். அதற்கு முன்னால் ‘என்’ சேர்ந்து சிவப்பில் ‘என்.ஆர்.எக்ஸ்’ என்று இருந்தால், அது 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்துக்குள் வரும் மருந்து. ‘எக்ஸ்.ஆர்.எக்ஸ்’ என்று சிவப்பில் இருந்தால் மருந்து விதிகளின் எக்ஸ் அட்டவணை. அதற்குச் சீட்டே இரட்டைப் பிரதியாக வேண்டும். சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை அச்சிட்டிருந்தால் எச்-1 அட்டவணை. கடைக்காரர் உங்கள் பெயரைப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டிய வகை.

கம்பெனி வைத்த பெயரை விட்டுவிட்டு, அதற்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மூல மருந்தின் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். எந்த நாட்டுப் பட்டியலிலும் தேட வேண்டியது அதைத்தான். கூட்டு மருந்துகளில் எல்லாப் பெயரையும் பாருங்கள், அங்கேதான் ஒளிந்திருக்கும். வயிற்று இழுப்புக்கும் குடல் கோளாறுக்கும் எழுதும் ஒரு கூட்டு மாத்திரையில் குளோர்டயசெபாக்சைடு இருக்கிறது. அது பதற்றத்தைத் தணிக்கும் டயசெபம் மருந்தின் இனம். வயிற்றுப்போக்கை நிறுத்தும் ஒரு மாத்திரையில் டைபினாக்சிலேட்டு, சில இருமல் மருந்துகளில் கோடீன், பாரசிட்டமால் என்று நினைத்து விழுங்கும் சில வலி மாத்திரைகளில் டிரமடால். ‘வயிற்று மாத்திரைதானே’ என்று சொல்லிக்கொண்டு போய் நிற்பவர்கள் பாவம், தெரிந்து செய்தவர்கள் அல்ல. சட்டம் அதைப் பார்ப்பதில்லை.

கேள்வி: துபாயில் வேலை பார்க்கும் மகனுக்கு முதுகுவலி. இங்கே காட்டியபோது டிரமடால் எழுதிக் கொடுத்தார்கள். கையிருப்பு தீர்ந்துவிட்டது. சீடை, மனகோலம் அனுப்பும் கூரியரிலேயே நாலு அட்டை சேர்த்து அனுப்பலாமா? சீட்டு நகலும் வைத்துவிடுகிறேன்.
– வாசகி, தேவகோட்டை

பதில்: வேண்டவே வேண்டாம். சீட்டு நகல் வைத்தாலும் அனுப்பக் கூடாது.

ஆள் தன்னோடு தன் மருந்தைக் கொண்டுபோவது ஒன்று. பார்சலில் அனுப்புவது வேறு. பயணிக்குத் தரும் சலுகை எதுவும் பார்சலுக்குக் கிடையாது. மனமயக்கப் பொருள் எதையும் இந்தியாவிலிருந்து அனுப்ப, குவாலியரில் தலைமையகம் உள்ள மத்திய போதைப்பொருள் பணியகத்தில் போதைப்பொருள் ஆணையரின் ஏற்றுமதி அனுமதி ஒவ்வொரு சரக்குக்கும் தனித்தனியாக வேண்டும். அதைக் கேட்கும்போது, வாங்கும் நாட்டு அரசு தந்த இறக்குமதிச் சான்றைக் காட்ட வேண்டும். வீட்டிலிருந்து நாலு அட்டை அனுப்புகிறவருக்கு இந்த வழியே பொருந்தாது. தபாலிலும் உலக அஞ்சல் உடன்படிக்கைப்படி போதைப்பொருளும் மனமயக்கப் பொருளும் தடை.

அங்கே பார்சல் பிரிக்கப்பட்டால் விசாரணைக்குப் போவது வாங்கவந்த உங்கள் மகன். அதுவும் பலகாரத்துக்கு நடுவில் மாத்திரை இருந்தால் மறைத்து அனுப்பியதாகத்தான் பார்ப்பார்கள். அவர் அங்கே ஒரு டாக்டரிடம் போகட்டும். அடுத்த முறை ஊருக்கு வந்து திரும்பும்போது கட்டுப்பாட்டு மருந்து ஏதாவது எடுத்துப்போக வேண்டியிருந்தால், புறப்படும் முன் அமீரக அரசின் இணையதளத்தில் மருத்துவ அறிக்கை, சீட்டு, பாஸ்போர்ட் நகல் வைத்து முன் அனுமதி கேட்க வேண்டும். அனுமதியில் எழுதிய எண்ணிக்கைக்கு ஒரு மாத்திரைகூட அதிகம் வேண்டாம்.

கேள்வி: மருந்தைப் பற்றிக் கேட்கிற இடத்தில் மசாலாவைக் கேட்பதற்கு மன்னிக்கவும். குருமாப் பொடியில் கசகசா சேர்த்து அரைத்து அபுதாபிக்குக் கொடுத்துவிடலாமா?
– வாசகி, கானாடுகாத்தான்

பதில்: மன்னிப்பு எதற்கு, இது அதே சட்டத்தைச் சேர்ந்த கேள்விதான். கசகசா, அபினி எடுக்கும் செடியின் விதை. நம் சமையலில் எந்தத் தடையும் இல்லை. அமீரகத்திலும் சவூதியிலும் அது தடைப் பொருள். சிங்கப்பூரிலும் போதைப்பொருள் தடுப்புத் துறையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அரைத்த பொடியில் கலந்தாலும் விதிவிலக்கு இல்லை. முந்திரியும் பொட்டுக்கடலையும் வைத்து அரைத்துக் கொடுங்கள். கசகசா அரைத்த மிக்ஸி ஜாரை நன்றாகக் கழுவிய பிறகு அரையுங்கள்.

கேள்வி: நியூஜெர்சியில் இருக்கும் மகன் பொங்கலுக்கு வருகிறான். அவன் அப்பச்சிக்கு அங்கே கிடைக்கும் சோல்பிடம் தூக்க மாத்திரை ஆறு மாதத்துக்கு வாங்கி வருவதாகச் சொல்கிறான். அவனும் கவனக்குறைவுக்கு ஏதோ மாத்திரை சாப்பிடுகிறான். திரும்பும்போது இங்கே விலை குறைவென்று சில மருந்து வாங்கிப் போவான். எது சரி, எது தவறு?
– வாசகி, பள்ளத்தூர்

பதில்: அப்பச்சிக்கு வாங்கி வருவது தவறு. 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 36ஆம் விதி, பயணி தன் பெட்டியில் மருந்து கொண்டுவர இடம் தருகிறது. ஆனால் அது அந்தப் பயணியின் சொந்த உபயோகத்துக்கு மட்டுமே இருக்க வேண்டும். எந்த ஒரு மருந்தும் சராசரியாக 100 வேளை அளவுக்கு மிகக் கூடாது. சுங்க அதிகாரி கேட்டால் அறிவிக்க வேண்டும். ஆறு மாதம் என்றால் 180 மாத்திரை, அதுவும் இன்னொருவருக்கு. இரண்டு வகையிலும் விதிக்கு வெளியே போய்விடுகிறது. சோல்பிடம் மனமயக்கப் பட்டியலிலும் இருக்கிறது. இங்கே எல்லா ஊரிலும் கிடைக்கும் மருந்து அது. டாக்டர் எழுதினால் காரைக்குடியிலேயே வாங்கலாம்.

மகன் சாப்பிடும் மாத்திரையின் மூலப் பெயரைக் கேளுங்கள். மீத்தைல்பெனிடேட் என்றால் இங்கே எக்ஸ் அட்டவணை மருந்து. தங்கும் நாளுக்கு வேண்டியதை மட்டும், பெயர் ஒட்டிய அசல் குப்பியில், டாக்டர் கடிதத்தோடு கொண்டுவரட்டும். ஆம்பெட்டமின் என்றால் அதிகக் கவனம் வேண்டும். நம் மருந்துக்கடைகளில் அது கிடைக்காது, சுங்கத்தில் அதை மருந்தாகப் பார்க்கும் பழக்கமும் குறைவு. பயணத்துக்கு முன் போதைப்பொருள் ஆணையர் அலுவலகத்துக்கு எழுதித் தெளிவு பெறுவது நல்லது. அந்தச் சில வாரத்துக்கு வேறு மருந்துக்கு மாறலாமா என்று அவருடைய டாக்டரிடம் கேட்பது அதைவிட நல்லது.

தூக்கத்துக்கு என்று அங்கே சில மாநிலங்களில் கடையிலேயே விற்கும் கஞ்சா கலந்த மிட்டாய் ஒன்றிரண்டுகூட வரக் கூடாது. அங்கே வாங்கிய ரசீது இங்கே உதவாது.

திரும்பும்போது: அமெரிக்காவில் வசிப்பவர் வெளிநாட்டில் தன் சிகிச்சைக்கு வாங்கிய கட்டுப்பாட்டு மருந்துகளை, எல்லாம் சேர்த்து 50 வேளை அளவுக்கு மேல் கொண்டுபோக முடியாது. ஒவ்வொரு மருந்துக்கும் 50 என்று பலர் தவறாக எண்ணுகிறார்கள். கடையில் தந்த உறையோடு இருக்க வேண்டும், சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் இந்தக் கணக்கில் வராது.

கேள்வி: சம்பந்தி வீட்டார் தெரிந்தவருக்கு என்று ஒரு மருந்துப் பொட்டலம் கொடுத்துவிடச் சொல்கிறார்கள். மறுத்தால் மனம் வருந்துவார்கள். பிரித்துப் பார்க்காமல் வாங்கிப் போனால் எனக்குப் பொறுப்பு உண்டா?
– வாசகர், கண்டனூர்

பதில்: முழுப் பொறுப்பும் உங்களுக்குத்தான். நம் போதைப்பொருள் சட்டத்தின் 35, 54ஆம் பிரிவுகள், பொருள் யாரிடம் இருந்ததோ அவருக்குத் தெரிந்தே இருந்தது என்று முதலில் எடுத்துக்கொள்கின்றன. தெரியாது என்பதை நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில்.

அளவைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். அல்பிரசோலத்துக்குச் சட்டத்தில் 5 கிராமுக்குக் குறைந்தால் சிறிய அளவு, 100 கிராமுக்கு மேல் போனால் வணிக அளவு. 0.25 மில்லிகிராம் மாத்திரை ஆயிரம் இருந்தாலும் உள்ளே இருக்கும் மருந்து கால் கிராம்தானே என்று தோன்றும். ஆனால் கலப்புப் பொருளோடு சேர்த்து மொத்த எடையைத்தான் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. ஒரு மாத்திரை 100 மில்லிகிராம் எடை என்றால் ஆயிரம் மாத்திரை 100 கிராம். அதற்கு மேல் ஒரு மாத்திரை இருந்தாலும் வணிக அளவு. அதற்குக் குறைந்தபட்சம் பத்து வருடச் சிறை, ஒரு லட்சம் ரூபாய் அபராதம். 37ஆம் பிரிவால் ஜாமீன் கிடைப்பதும் மிகக் கடினம். ஐம்பது மாத்திரையே அந்த 5 கிராமைத் தொட்டுவிடும். டாக்டர் சீட்டும் ரசீதும் உங்கள் பெயரில் இருப்பதுதான் உங்களைக் காக்கும் அரண். அடுத்தவர் பொட்டலத்துக்கு அந்த அரண் கிடையாது.

சம்பந்தியிடம் பணிவாக, ஆனால் உறுதியாகச் சொல்லிவிடுங்கள். சட்டத்தின் மேல் பழியைப் போடுங்கள், உறவில் கீறல் விழாது.

கேள்வி: ஆத்தாவுக்குப் புற்றுநோய். இந்தியாவில் கிடைக்காத ஒரு மருந்தை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கச் சொல்கிறார் டாக்டர். வலிக்கு மார்பினும் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டுமா?
– வாசகர், புதுவயல்

பதில்: இரண்டும் தனித்தனி. பெட்டியில் வராமல் கூரியரிலோ விமானச் சரக்கிலோ வரும் சொந்த உபயோக மருந்துக்கு, படிவம் 12-ஏ வில் விண்ணப்பித்து 12-பி அனுமதி வாங்க வேண்டும். தருவது மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு. நோயாளியின் அடையாளச் சான்று, பதிவுபெற்ற டாக்டரின் சீட்டு, மருந்தின் மூலப் பெயர், தயாரிப்பாளர், மொத்த அளவு இவை வேண்டும். அனுமதி கைக்கு வந்த பிறகே அங்கிருந்து அனுப்பச் சொல்லுங்கள். அவசரத்தில் முதலில் அனுப்பிவிட்டால் பொருள் சுங்கக் கிடங்கில் நிற்கும். குளிரில் வைக்க வேண்டிய ஊசி மருந்து அங்கேயே வீணாகும். அனுமதியில் எழுதிய பெயரும் அளவும் பில்லில் எழுதியதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும்.

மார்பினுக்கு வெளிநாடு போக வேண்டியதே இல்லை. 2014இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தி மார்பின், பென்டனில் உள்ளிட்ட ஆறு மருந்துகளை அத்தியாவசியப் போதை மருந்துகள் என்று தனியே பிரித்தார்கள். அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் அவற்றை வாங்கி வைத்து நோயாளிக்குத் தரலாம். வலிநிவாரண சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனையைக் கேளுங்கள். ஆத்தா வலியோடு ஒரு நாளும் கிடக்க வேண்டாம்.

கேள்வி: மொத்த மருந்து வியாபாரம் செய்கிறேன். மனமயக்கப் பட்டியலில் உள்ள மாத்திரைகளை வெளிநாட்டு நிறுவனம் ஒன்று கேட்கிறது. முறைப்படி ஏற்றுமதி செய்ய என்ன வேண்டும்?
– வாசகர், பொன்னமராவதி

பதில்: உங்களிடம் 20-பி, 21-பி மொத்த விற்பனை உரிமங்கள் இருக்கும், எக்ஸ் அட்டவணை மருந்தானால் 20-ஜி யும் தேவை. இறக்குமதி–ஏற்றுமதி எண் கட்டாயம். இவ்வளவும் இருந்தாலும் முதல் அடி உங்களுடையது அல்ல, வாங்குபவருடையது: அவர் தன் அரசிடம் இறக்குமதிச் சான்று வாங்கி அனுப்ப வேண்டும். அதை வைத்துத்தான் குவாலியருக்கு விண்ணப்பம். முன்பணம் வந்துவிட்டது என்று சரக்கு வாங்கிக் குவித்துவிடாதீர்கள்.

விண்ணப்பங்கள் சிக்கும் இடங்கள் ஏறக்குறைய எப்போதும் இவைதான். சான்றில் மருந்தின் அளவு உப்பு வடிவத்தில் (வேதி உப்பாகச் சேர்ந்த முழு எடை) இருக்கிறதா, தூய காரத்தின் (மூல மருந்து மட்டும்) அளவில் இருக்கிறதா என்று பாராமல் எழுதிவிடுவார்கள். கிராம் கணக்கு ஒத்துப்போகாது. சான்றில் ஒரு துறைமுகம், கப்பல் ஆவணத்தில் இன்னொன்று. ஓர் அனுமதியில் சரக்கை இரண்டு தவணையாக அனுப்பப் பார்ப்பது. தபால் பெட்டி எண்ணை முகவரியாகத் தருவது. சர்வதேச விதிப்படி அப்படிச் சரக்கு அனுப்பவே கூடாது. அனுமதியின் ஒரு பிரதி சரக்கோடு போகும். அங்கே வந்து சேர்ந்த அளவை அந்த நாட்டு அதிகாரி எழுதித் திருப்பி அனுப்புவார். அனுப்பிய கணக்கும் சேர்ந்த கணக்கும் ஒத்துப்போகாவிட்டால் விசாரணை உங்கள் கடைக்கு வரும்.

இன்னொன்று. சான்று அனுப்பத் தயங்கி, ‘சத்து மாத்திரை என்று போட்டு அனுப்புங்கள்’ என்று கேட்கும் வாடிக்கையாளரோடு அந்த நிமிடமே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: லண்டன் போகிறேன், துபாயில் விமானம் மாறுகிறேன். நரம்பு வலிக்குப் பிரிகாபலின் சாப்பிடுகிறேன். என்.ஆர்.எக்ஸ் குறி இல்லை. கவலையில்லாமல் போகலாமா?
– வாசகர், நெற்குப்பை

பதில்: நம் ஊர்க் குறி நம் ஊர்ச் சட்டத்தை மட்டும் காட்டும். பிரிட்டன் 2019 ஏப்ரலில் பிரிகாபலினையும் காபாபென்டினையும் கட்டுப்பாட்டு மருந்தாக்கிவிட்டது. மூன்று மாதத்துக்குக் குறைவான தேவை என்றால் டாக்டர் கடிதம் போதும். அதற்கு மேல் தனி உரிமம் வேண்டும். அமீரகத்திலும் பிரிகாபலினுக்குக் கட்டுப்பாடு உண்டு. விமானம் மாறும்போதும் நீங்கள் அந்த மண்ணில்தான் நிற்கிறீர்கள்; அங்கே இரவு தங்கி வெளியே போகும் எண்ணம் இருந்தால் அமீரக முன் அனுமதியையும் வாங்கிவிடுங்கள். வியன்னாவில் உள்ள சர்வதேச போதைப்பொருள் கட்டுப்பாட்டு வாரியம் பயணிகளுக்கான விதிகளை நாடுவாரியாகத் தன் இணையதளத்தில் வைத்திருக்கிறது. அதில் பார்த்து, அந்தந்த நாட்டுத் தூதரகத்திலும் ஒரு மின்னஞ்சல் கேட்டு, வரும் பதிலை அச்செடுத்து மருந்தோடு வையுங்கள்.